பிற்பகல் 3 மணி நம் கையில் இருந்திருந்தால்?

இன்றைய அரங்கிற்கு எடுத்துக்கொண்ட தலைப்பு சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். ஆனால் இதில் நம் உள்ளூர்க் கலைஞர்களின் பிழைப்பும், நாம் பேசும் மலேசியத் தமிழின் மரியாதையும் அடங்கியிருக்கின்றன. நம் நாட்டுத் தொலைக்காட்சியில், தினமும் பிற்பகலில், நம்மவர்களே கலந்துகொள்ளும் ஒரு தமிழ்ப் போட்டி நிகழ்ச்சி அன்றே தொடங்கியிருந்தால் இன்று என்ன ஆகியிருக்கும்? இதுதான் கேள்வி.

'அப்படி நடந்திருந்தால்' என்று வரலாற்றைக் கேட்பது வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதற்கும் ஒரு முறை உண்டு. ஒரே ஒரு முடிவை மட்டும் மாற்ற வேண்டும். அந்த மாற்றம் அக்காலத்தில் நடக்கக்கூடியதாக இருந்திருக்க வேண்டும். மற்றவை எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும். இந்த மூன்று விதிகளுக்கும் கட்டுப்பட்டுப் பார்த்தால், எந்த முடிவு நம்மை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்பது தெளிவாகும்.

ஏன் போட்டி நிகழ்ச்சி? ஏன் பிற்பகல்?

நாடகத் தொடரில் நடிகர் நடிக்கிறார், நாம் பார்க்கிறோம். போட்டி நிகழ்ச்சியில் மேடையேறுபவர் பக்கத்து வீட்டு அக்காள்; பள்ளி ஆசிரியர்; லோரி ஓட்டும் தம்பி. அவர் தம் பெயரையும் ஊரையும் சொல்லித்தான் விளையாட்டைத் தொடங்குகிறார். "நான் கிள்ளானிலிருந்து வருகிறேன்" என்று ஒருவர் திரையில் சொல்லும்போது கிள்ளானும் திரையில் ஏறிவிடுகிறது.

செலவிலும் இது சிக்கனமான வகை. ஓர் அரங்க அமைப்பு, ஓர் அறிவிப்பாளர், ஒரு கேள்வித் தொகுப்பு போதும். அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' நிகழ்ச்சியில் ஒரே நாளில் ஐந்து நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துவிடுவார்கள். ஒரு நாள் உழைப்பில் ஒரு வாரத்துத் தேவை முடிந்துவிடுகிறது.

பிற்பகல் என்றதும் இல்லத்தரசிகள் மட்டுமே பார்ப்பார்கள் என்று நினைப்பது மேல்நாட்டுக் கணக்கு. நம் கணக்கு வேறு. பால்வெட்டுத் தொழிலாளிக்கு விடியுமுன்னே வேலை தொடங்கி, பாலை நிறுத்துக் கொடுத்ததும் பிற்பகலில் ஓய்வு. 1970களில் சுங்கைவே போன்ற தொழிற்பேட்டைகளில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தபோது, இரவு ஷிப்ட் முடித்த பெண்களும் பகலில்தான் வீட்டில் இருந்தார்கள். ஆக, பகல் நேரத்துத் தமிழ் நேயர் கூட்டம் நம்மிடம் என்றுமே இருந்தது. அவர்களுக்கு எதைக் காட்டுவது என்பதை யார் முடிவு செய்தார்கள்?

முதல் திருப்பம்: 1963

1963 டிசம்பர் 28ஆம் நாள், கோலாலம்பூர் அம்பாங் சாலையிலுள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்திலிருந்து நம் நாட்டுத் தொலைக்காட்சி தொடங்கியது. 1969இல் இரண்டாம் அலைவரிசை வந்தது. அதே ஆண்டு தொலைக்காட்சி அங்காசாபுரிக்குக் குடிபெயர்ந்தது. தமிழில் செய்தி உண்டு, கலை நிகழ்ச்சி உண்டு, தமிழ்ப் படமும் உண்டு. நான்கு மொழிகள் பகிர்ந்துகொள்ளும் ஒரே மேசையில் தமிழுக்குக் கிடைத்தது ஒரு சிறு தட்டு.

அன்றே பிற்பகலில் ஒரு தமிழ்ப் புதிர்ப்போட்டி வைத்திருந்தால்? நம் விதிப்படி இது தேறாது. காரணம் எளிது: மின்சாரம். பல தோட்டங்களின் லயத்து வீடுகளில் முழு நேர மின்சாரம் அப்போது இல்லை. தோட்டத்து மின்னாக்கியும் மாலையில் சில மணி நேரமே ஓடும். ஓய்ந்திருந்த தொழிலாளியின் வீட்டில் பிற்பகலில் பெட்டி எரியாது. எனவே அக்காலத்தில் நம் மக்களின் உற்ற துணை வானொலியாகவே இருந்தது. 1963ஐ மாற்றினாலும் முடிவு மாறியிருக்காது.

இரண்டாம் திருப்பம்: 1984

1984 ஜூன் 1ஆம் நாள் நாட்டின் முதல் தனியார் தொலைக்காட்சியான டிவி3 ஒளியேறத் தொடங்கியது. தொடக்கத்தில் அது தெரிந்தது கிள்ளான் பள்ளத்தாக்கில் மட்டுமே. தமிழ்ச் செய்திப் பத்திரிகை, தமிழ்க் கடைத்தெரு, தமிழ்ப் பள்ளிகள், ரயில்வே குடியிருப்புகள் எல்லாம் நெருங்கி இருந்த வட்டாரமும் இதுதான். மின்சாரம் இருந்தது. தோட்டங்களை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களும் பெருகிக்கொண்டிருந்தன.

டிவி3 பிற்பகலில் அரை மணி நேரத்தைத் தமிழ்ப் போட்டி நிகழ்ச்சிக்கு ஒதுக்கியிருந்தால்? முடியாத காரியமில்லை. ஆனால் கைகொடுத்திருக்குமா? விளம்பரத்தை நம்பி வாழும் நிலையம் தலையை எண்ணித்தான் நேரத்தைக் கொடுக்கும். 1957 மக்கள்தொகைக் கணக்கில் மலாயாவில் இந்தியர்கள் சுமார் 11 விழுக்காடு. 2020 கணக்கெடுப்பில் மலேசியக் குடிமக்களில் 6.7 விழுக்காடு. சவர்க்காரம் விற்கும் நிறுவனம் ஒரே பணத்தில் பெரிய கூட்டத்தைத்தான் தேடும். போதாததற்கு, அது வீடியோ கேசட்டின் பொற்காலம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் படத்தை வாடகைக்கு எடுத்துச் சென்று, வேண்டிய நேரத்தில் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே 1984இல் தொடங்கியிருந்தாலும் அந்த நிகழ்ச்சி ஓரிரு பருவத்தில் ஓய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் திருப்பம்: 1996

உண்மையான நாற்சந்தி இதுதான். அதுவரை வீட்டுக் கூரையில் சொந்தமாகச் செயற்கைக்கோள் தட்டு வைக்க நம் நாட்டில் அனுமதியில்லை. 1996 ஜனவரியில் மீசாட்-1 செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. அவ்வாண்டே ஆஸ்ட்ரோ ஒளிபரப்பு தொடங்கியது. ஆஸ்ட்ரோ வானவில் என்ற தமிழ் அலைவரிசையும் பிறந்தது.

இங்கே பணத்தின் கணக்கு தலைகீழானது. தலைக்கு இவ்வளவு என்று எண்ணும் விளம்பரத்தோடு, மாதச் சந்தாவும் சேர்ந்துகொண்டது. தமிழ்க் குடும்பங்கள் தங்கள் பணத்தைக் கட்டி, தமிழுக்காகவே தட்டைப் பொருத்தின. சிறுபான்மையாக இருந்தும் நாம் முதல்முறையாகத் தொலைக்காட்சியின் நேரடி வாடிக்கையாளர் ஆனோம். நாள் முழுவதும் தமிழ் ஒளியேறும் அலைவரிசை கைக்கு வந்தது. அத்தனை மணி நேரத்தையும் எதைக் கொண்டு நிரப்புவது?

தமிழ்நாட்டில் விடை தயாராக இருந்தது. 1993 ஏப்ரல் 14ஆம் நாள் சென்னையில் சன் டிவி தொடங்கியதிலிருந்து தொடர்கள் பெருகின. 1999இல் தொடங்கிய ராதிகாவின் 'சித்தி', 2002இல் தொடங்கிய 'மெட்டி ஒலி' என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்தத் தொடர்களின் தயாரிப்புச் செலவைச் சென்னை விளம்பரங்களே ஈடுகட்டிவிடும். வெளிநாட்டுக்கு விற்பதெல்லாம் மேல் வருமானம். ஆகையால் இறக்குமதி விலை மலிவு. உள்ளூரில் அரை மணி நேரம் தயாரிக்க ஆகும் செலவில், சென்னையிலிருந்து பல மணி நேரம் வாங்கிவிடலாம். கடைக்காரர் யாராக இருந்தாலும் எதை வாங்குவார்?

இதற்காக வானவில்லை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. உள்ளூர் நிகழ்ச்சிகளும் அதில் வந்தன. சமூகப் பிரச்சினைகளைப் பேசிய 'விழுதுகள்' நம் மக்களின் சொந்த நிகழ்ச்சியாகவே பெயரெடுத்தது. ஆனால் தினமும் நேயரை உட்காரவைக்கும் பழக்கத்தைத் தொடர்கள்தான் பிடித்துக்கொண்டன.

இந்த இடத்தில்தான் ஒன்றை மாற்றிப் பார்க்கச் சொல்கிறேன். உரிமம் கொடுக்கும்போதே, பகலில் ஒளியேறும் ஒவ்வொரு இறக்குமதித் தொடருக்கும் ஈடாக, அரை மணி நேர உள்ளூர் நிகழ்ச்சி வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால்? எழுதுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாத வரி. அன்றைய சட்டத்துக்கும் நடைமுறைக்கும் புறம்பானதும் அல்ல.

சக்கரமும் 247 எழுத்தும்

அதே ஆஸ்ட்ரோவின் மலாய் அலைவரிசையான ரியாவில் 'ரோடா இம்பியான்' ஒளியேறியதை மறந்திருக்க மாட்டீர்கள். அமெரிக்காவில் 1975இல் தொடங்கிய 'வீல் ஆஃப் பார்ச்சூன்' நிகழ்ச்சியின் மலாய் வடிவம் அது. அதை நடத்தியவர்களில் ஒருவரான ஹானி மொசின் 2006இல் திடீரென மறைந்தபோது நாடே வருந்தியது. ஒரு போட்டி நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் எத்தனை வீடுகளுக்கு உறவினர் ஆகிவிடுகிறார் என்பதற்கு அதுவே சாட்சி.

தமிழில் அதே சக்கரத்தைச் சுழற்றியிருக்க முடியுமா? மலாய்க்கு 26 ரோமன் எழுத்து போதும். நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247. போட்டியாளர் 'கி' என்று கேட்டால் 'கீ'யும் திறக்குமா? 'க' வரிசையை முதலில் பிடித்து, பிறகு உயிரை விலைக்கு வாங்கலாமா? இப்படி யோசித்தாலே அது வேறொரு விளையாட்டாகிவிடுகிறது. அந்த விளையாட்டைக் கண்டுபிடித்திருக்கக்கூடியவர்கள் நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மிகப்பெரிய பள்ளிகளுள் ஒன்று கிள்ளான் சிம்பாங் லீமாவில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்தா பள்ளி இருக்கிறது. எழுத்து விளையாட்டுக்கு ஆட்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

சிறிய இடம் பெரிய இடத்துக்குக் கொடுத்த கதைகள்

'சென்னையோடு நாம் போட்டி போட முடியுமா?' என்று யாராவது கேட்டால் இரண்டு உண்மைச் சம்பவங்களை எடுத்து வையுங்கள்.

முதலாவது, இலங்கை. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் செய்தார். பாட்டுப் பிரியர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். இந்தியா விழித்துக்கொண்டு 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்குவதற்குள், கடலைத் தாண்டி ஒரு பெரிய நேயர் கூட்டம் கொழும்புக்குச் சேர்ந்துவிட்டது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா போன்ற அறிவிப்பாளர்களின் குரல் தமிழ்நாட்டு வீடுகளிலும் புகழ்பெற்றது. அந்த இலங்கை வானொலியில்தான் பி.எச்.அப்துல் ஹமீது 'பாட்டுக்குப் பாட்டு' நடத்தினார். கொடுக்கும் எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும், அவ்வளவுதான். தமிழ் எழுத்தை வைத்தே கட்டிய விளையாட்டு. பிற்பாடு அதே நிகழ்ச்சி சன் டிவியில் ஏறி, உலகத் தமிழர் எல்லாரும் அறிந்த நிகழ்ச்சியாயிற்று. சிறிய தீவிலிருந்து பெரிய சென்னைக்குப் போன சரக்கு அது.

இரண்டாவது, கனடா. பக்கத்திலேயே அமெரிக்கா என்னும் மலை. மொழியும் ஒன்றுதான். மலிவான அமெரிக்க நிகழ்ச்சிகள் தங்கள் நிலையங்களை மூழ்கடிக்கும் என்று கண்ட கனடிய ஒளிபரப்பு வாரியம், 1959இல் ஒரு விதியை அறிவித்தது. 1961 முதல் நிகழ்ச்சிகளில் 45 விழுக்காடு கனடியத் தயாரிப்பாக இருக்க வேண்டும் என்பது அந்த விதி. நிலையங்கள் என்ன செய்தன? குறைந்த செலவில் கணக்கை நிரப்பப் போட்டி நிகழ்ச்சிகளைப் பிடித்துக்கொண்டன. 'டெபினிஷன்' என்ற சொல் விளையாட்டு 1974 முதல் 1989 வரை ஓடியது. அதன் பரிசுகள் சின்னவை என்று கனடியர்களே கிண்டல் செய்தார்கள், ஆனாலும் பார்த்தார்கள். பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியோ 'ரீச் ஃபார் த டாப்' என்ற உயர்நிலைப்பள்ளிப் புதிர்ப்போட்டியை நடத்தியது. டொரோண்டோவில் அதை நடத்திய இளைஞர் அலெக்ஸ் ட்ரெபெக். அவரே 1984இல் அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' நிகழ்ச்சிக்குப் போய், 2020இல் மறையும் வரை அதன் முகமாக விளங்கினார்.

இரண்டு கதைகளிலும் ஒரு பொதுத்தன்மை இருப்பதைக் கவனியுங்கள். பெரும் பணத்தைக் கொட்டி யாரும் எதையும் தொடங்கவில்லை. நாள்தோறும் ஒலிவாங்கி முன் நிற்க ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தில் பழகியவர்கள் பெரியவர்கள் ஆனார்கள்.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

எதிர்த்தரப்பு வாதத்துக்கும் வலு இருக்கிறது. 2000 ஜூலை 3ஆம் நாள் இந்தியாவின் ஸ்டார் பிளஸ் அலைவரிசையில் இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நாளில் தொடங்கின. ஒன்று, அமிதாப் பச்சனின் 'கோன் பனேகா குரோர்பதி'. மற்றது, 'கியோங்கி சாஸ் பி கபி பஹு தி' என்ற மாமியார் மருமகள் தொடர். கேள்வி பதில் நிகழ்ச்சி ஊரையே கூட்டியது உண்மை. ஆனால் அது பருவத்துக்குப் பருவம் இடைவெளி விட்டு வந்தது. தொடரோ 2008 வரை விடாமல் ஓடியது. தமிழிலும் சரத்குமார் சன் டிவியில் 'கோடீஸ்வரன்' நடத்தினார். தொடர்களைப் போல அது ஆண்டுக்கணக்கில் நிலைக்கவில்லை. கதைக்கு அடிமைப்பட்ட கூட்டத்தைக் கேள்வியால் கட்டிவைக்க முடியாது என்பார்கள்.

ஆனால் அவை கோடிப் பரிசு நிகழ்ச்சிகள். பெரிய பரிசுக்குப் பெரிய சந்தை வேண்டும். அது நமக்கு எட்டாது. பெரிய பரிசில் ஆபத்தும் உண்டு. 1950களில் அமெரிக்காவில் 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியில் பிடித்த போட்டியாளருக்கு விடையை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். 1959இல் சார்லஸ் வான் டோரன் அதை நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டபோது அந்த வகை நிகழ்ச்சிகளின் மானமே போயிற்று. பெரும் பரிசு நிகழ்ச்சிகள் மறைந்த பிறகும், சிறு பரிசு நிகழ்ச்சிகள் பகல் நேரத்தில் உயிரோடு இருந்தன. விடையைக் கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேட்கும் 'ஜெப்பர்டி' 1964இல் பிறந்ததும் பகல் நேரத்தில்தான். விடையைக் கொடுத்த ஊழலையே விளையாட்டாக்கிவிட்டார்கள்!

ஆகவே, நம் கற்பனை நிகழ்ச்சிக்குக் கோடி வேண்டாம். ஒரு மின்சார அரிசிச் சட்டி, ஒரு சேலை, நகைக்கடை தரும் ஒரு தங்கக் காசு போதும். தெங்கு கிளானா சாலைக் கடைக்காரர்களே ஆதரவாளர்கள் ஆகியிருப்பார்கள். இருந்தாலும் அந்த உரிம வரி இல்லாமல் இது நிலைத்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இறக்குமதியின் மலிவு, நல்லெண்ணத்தைத் தின்றுவிடும்.

நடந்திருந்தால்...

சரி, அந்த வரி எழுதப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். 1997ஆம் ஆண்டு முதல் வாரத்துக்கு ஐந்து நாள், பிற்பகல் 3 மணி. வாரம் ஒரு நாள் பதிவு. நாளுக்கு மூன்று புதிய போட்டியாளர்கள். ஆண்டுக்கு 260 நிகழ்ச்சி என்றால் 780 பேர். பத்தாண்டில் 7,800 பேர். நம் மக்களில் 7,800 பேர் தங்கள் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, தங்கள் தமிழில் பேசியிருப்பார்கள். 'பசாருக்குப் போய்ட்டு வந்தேன்' என்று பேசுவது குறையில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

2,600 நிகழ்ச்சிக்கு எத்தனை ஆயிரம் கேள்விகள் வேண்டும்! சினிமாவை மட்டும் கேட்டு ஒப்பேற்ற முடியாது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்த ரயில் பாதை எந்த ஆண்டு திறக்கப்பட்டது? 1886. பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயர் ஏன்? 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகளை அழித்த பின், நகரத்தைச் செங்கல்லால் கட்டச் சூளைகள் எழுந்த இடம் என்பதால். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயில் எப்போது தோன்றியது? 1873. இவற்றை எழுத ஆய்வாளர் வேண்டும், சரிபார்க்க ஆசிரியர் வேண்டும். நம் வரலாறு திண்ணைப் பேச்சிலிருந்து அட்டவணைக்கு ஏறியிருக்கும்.

அறிவிப்பாளர்கள், ஒளிப்பதிவாளர்கள், ஒப்பனைக்காரர்கள், இசைக்கலைஞர்களுக்கு மாதாமாதம் சம்பளம் வந்திருக்கும். தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிக்காகக் காத்திருக்கும் நிலை குறைந்திருக்கும். நல்ல தொடர் எடுக்கவும் கை பழகியிருக்கும். சென்னைத் தொடர்கள் அப்போதும் வந்திருக்கும், நாமும் பார்த்திருப்போம். ஆனால் பக்கத்தில் நம்முடையதும் ஒன்று இருந்திருக்கும்.

இனி?

நடந்ததை மாற்ற முடியாது. ஆனால் மூன்று திருப்பங்களிலும் தடையாக நின்றவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1963இல் மின்சாரம் இல்லை. 1984இல் தலை எண்ணிக்கை போதவில்லை. 1996இல் விதி இல்லை. இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஓர் ஒளிபரப்பு நிலையமே இருக்கிறது. அலைவரிசையோ உரிமமோ தேடி யாரிடமும் நிற்க வேண்டியதில்லை. இரண்டு கேமரா, ஒரு மண்டபம், நூறு கேள்வி இருந்தால் பள்ளி வாரியமோ இளைஞர் மன்றமோ கோயில் நிர்வாகமோ வாரம் ஒரு நிகழ்ச்சி செய்யலாம்.

குறை ஒன்று மட்டும் பாக்கி. தினமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பார்க்கும் பழக்கத்தை யாரும் கைப்பேசியில் பதிவிறக்கம் செய்து தர முடியாது. அதைப் பார்ப்பவர்கள்தாம் உண்டாக்க வேண்டும். ஆகவே தயாரிப்பாளரைக் கேட்கும் முன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: நம் ஊர்க்காரர் ஒருவர் அரிசிச் சட்டிக்காகப் போட்டியிடுவதைப் பார்க்க நாம் நாளைக்கு அரை மணி நேரம் ஒதுக்குவோமா? 'ஆம்' என்று சொல்லும் வீடுகள் கிள்ளானில் எத்தனை, பிரிக்பீல்ட்ஸில் எத்தனை என்று எண்ணிவிட்டால், மீதி வேலை சுலபம்.